தொண்ணூறு சதவீதம் தயாரான போர் விமானம்

தேதி கொடுப்பவர் என்றொரு மனித இனம் உண்டு. இவரைத் தேடி நீங்கள் எங்கும் அலைய வேண்டாம். உங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் கிடைப்பார்கள். சட்டைத் துணியைக் கையில் வாங்கும்போதே "வெள்ளிக்கிழமை வாங்கிக்கங்க" என்று சொல்லிவிட்டு எந்த வெள்ளிக்கிழமை என்பதை மட்டும் தன்னிடமே வைத்துக்கொள்பவர், கட்டிலுக்குக் கால் மாற்றித் தருகிறேன் என்று தூக்கிக்கொண்டு போய் உங்களை இரண்டு வருடம் தரையில் படுக்க வைத்தவர், தலையில் சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து "இதோ, பாதி வழி வந்துட்டேன்" என்று போனில் சொல்பவர். இவர்களெல்லாம் சில்லறை வியாபாரிகள். மொத்த வியாபாரி எங்கள் வீட்டில் இருக்கிறார்.

என் அப்பா போர் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். விமானம் செய்யும் வேலை இல்லை. வெளிநாடுகளுக்கு விற்ற விமானங்கள் ஏன் இன்னும் போய்ச் சேரவில்லை, எப்போது போய்ச் சேரும் என்று அந்தந்த நாடுகளுக்குச் சொல்லும் வேலை. அறைக் கதவில் 'ஒப்படைப்பு ஒருங்கிணைப்பாளர்' என்று பித்தளைப் பலகை தொங்குகிறது. பதினொரு வருடமாகத் தொங்குகிறது. இந்தப் பதினொரு வருடத்தில் ஒப்படைத்த விமானங்கள் எத்தனை என்று கேட்காதீர்கள். ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் நான் வாங்கிய மதிப்பெண் எவ்வளவோ, அவ்வளவு. அதற்கப்புறம் பள்ளிக்கூடம் என்னைத் தேடவில்லை, நானும் அதைத் தொந்தரவு செய்யவில்லை.

அப்படியானால் உங்க அப்பா பொய்யரா என்கிறீர்களா? இதைத்தான் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். பொய்யர் வேறு, தேதி கொடுப்பவர் வேறு. தான் சொல்வது நடக்காது என்று பொய்யருக்குத் தெரியும். தேதி கொடுப்பவர் மனதார நம்புகிறார். ஒரு தேதியைச் சொல்லும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பத்து விமானங்கள் வரிசையாக ஓடுபாதையில் கிளம்பிப் போவதும், அந்த நாட்டு மக்கள் மாடியில் ஏறி நின்று கையசைப்பதும் அவர் கண்ணுக்குத் தெரிகிறது. எதிரே நிற்பவருக்கும் தெரிய ஆரம்பித்துவிடும். அதுதான் இந்த இனத்தின் ஆபத்து.

அடையாளம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் இவர் நாள் சொல்வார்: பதினேழாம் தேதி. இரண்டாம் வருடம் வாரம் சொல்வார். மூன்றாம் வருடம் காலாண்டு. அதற்கப்புறமும் யாராவது கேட்டால் "மழை நின்னதும்" என்பார். எந்த நாட்டு மழை என்று இதுவரை யாரும் கேட்டதில்லை; கேட்டிருந்தால் அதற்கும் ஒரு தேதி கொடுத்திருப்பார்.

அடுத்தது சதவீதம். அப்பாவின் தொழிற்சாலையில் எல்லா விமானமும் எப்போதும் தொண்ணூறு சதவீதம் முடிந்துவிட்டது. இறக்கை வராத காலத்திலும் தொண்ணூறு. இறக்கை வந்து பொருத்திய பிறகும் தொண்ணூறு. ஒருமுறை இடது இறக்கை அளவு தப்பிவிட்டது என்று கழற்றித் திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்கும் தொண்ணூறு.

"மீதிப் பத்து என்னப்பா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் சின்னச் சின்ன வேலைடா. எஞ்சின், அப்புறம் ரேடார்."

எஞ்சின் ஏன் வரவில்லை என்பதற்கும் ஒரு கதை உண்டு. எஞ்சின் செய்யும் நாடு ஒரு பல்சக்கரத்துக்காக இரண்டாவது நாட்டிடம் காத்திருக்கிறது. இரண்டாவது நாடு ஒரு அனுமதிக் காகிதத்துக்காக மூன்றாவது நாட்டிடம் காத்திருக்கிறது. மூன்றாவது நாடு எங்கள் தொழிற்சாலையிலிருந்து ஒரு கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது.

"அந்தக் கையெழுத்து யார் போடணும்?"

"நான்தான். எஞ்சின்காரங்க ஒரு தேதி சொல்லட்டும், போட்டுடலாம்னு வெச்சிருக்கேன்."

வீட்டில் மட்டும் வேறு ஆளாகிவிடுவார் என்று நினைக்காதீர்கள். சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தபோது நான் மூன்றாம் வகுப்பு. அம்மா கீழே ஒரு வாளி வைத்தாள். அந்த வாளி பழசாகி ஓட்டை விழுந்து, அதற்குக் கீழே இன்னொரு வாளி வந்தது.

"ஏங்க, குழாய்?"

"தொண்ணூறு சதவீதம் முடிஞ்சாச்சு. வாஷர் மட்டும்தான் பாக்கி."

"அந்த வாஷரை எந்த நாட்டுல செய்யறாங்க?"

அம்மாவுக்கு இந்த மாதிரிக் கேள்விகள் சரளமாக வரும். அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார். தேதி கொடுப்பவர்கள் கோபப்படவே மாட்டார்கள். கோபம் வந்தால் உண்மை வாய் தவறி வந்துவிடும் இல்லையா?

ஒருமுறை, என் குரல் உடைந்த புதிதில், அந்தப் பெரிய குரலை வீணாக்க மனமில்லாமல் அப்பாவின் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். இல்லாத ஒரு நாட்டின் பாதுகாப்பு அமைச்சர் நான் என்றும், எங்களுக்கு இருபத்தைந்து விமானம் வேண்டுமென்றும் சொன்னேன். நாட்டின் பெயரைக் கூட அப்போதுதான் அலமாரியில் இருந்த சோப்பு டப்பாவைப் பார்த்து வைத்தேன். நாற்பது விநாடியில் அப்பா தேதி கொடுத்துவிட்டார். மறுநாள் நானே போய் உண்மையைச் சொன்னேன். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "வரிசையில அஞ்சாவதா பதிஞ்சுட்டாங்களேடா. எடுக்கணும்னா கமிட்டி கூடணும்" என்றார். அந்த நாடு இன்னும் ஐந்தாவது இடத்தில் இருக்கிறது. ஆறாவது நாட்டுக்காரர்கள் அதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்களாம்.

இதுவரை சிரித்தீர்கள் அல்லவா? நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், விருந்தாளி சித்தப்பா வரும் வரைக்கும்.

அவர் வெளிநாட்டுக்காரர். பதினெட்டு விமானம் கேட்டிருந்த ஒரு நாட்டின் விமானப்படை அதிகாரி. முதல் விமானத்தைச் சரிபார்த்து, ஓட்டிப் பார்த்து, அதிலேயே ஊருக்குப் பறந்து போக வேண்டும் என்று அனுப்பியிருந்தார்கள். ஆறு வாரத்துக்கென்று ஒரே ஒரு பெட்டியோடு வந்தார். மூன்று வருடமாகத் தொழிற்சாலை விருந்தினர் விடுதியில் ஏழாம் எண் அறையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பாடு. எங்கள் மொழியை அப்பாவிடமே கற்றுக்கொண்டார். அதனால் முதல் ஒரு வருடம் அவருக்கு "வந்துடும்", "ஆயிடும்", "முடிஞ்சிடும்" என்ற மூன்று வார்த்தைகள்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டே கடைகண்ணிக்கெல்லாம் போய் வந்தார்.

வந்த இரண்டாவது ஞாயிறு எங்கள் குழாயைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு இருபது நிமிடத்தில் சரி செய்தார். அம்மா அன்றைக்கே அவரைக் கொழுந்தனாக ஏற்றுக்கொண்டாள்.

சாப்பிட்ட பிறகு சாப்பாட்டு நாற்காலியிலேயே சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று நினைத்தால், இடது கை மெல்ல முன்னால் போகும். வலது கை எதையோ பிடித்திருக்கும். கால் இரண்டும் தரையில் மாறி மாறி அழுத்தும். பறக்கிறார்! மூன்று வருடமாக எங்கள் சாப்பாட்டு அறையில் பறந்துகொண்டிருந்தார். முதலில் நான் வாயால் உறுமல் சத்தம் கொடுத்துக் கேலி செய்தேன். அவர் கண்ணைத் திறக்காமலே சிரித்தார். அப்புறம் என்னவோ எனக்கே பிடிக்காமல் நிறுத்திவிட்டேன். அவர் நாற்காலியில் சாயும்போது மிக்ஸியைப் போட வேண்டாம் என்று அம்மாவிடமும் சொல்லிவைத்தேன்.

அவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. அவர்கள் படையில் ஒரு விதி: நாற்பத்தைந்து வயது முடிவதற்குள் புது விமானத்தை ஓட்டித் தேர்ச்சி பெறாதவரை மேசைக்கு மாற்றிவிடுவார்கள். அதற்கப்புறம் விமானத்தைத் தொடக்கூட முடியாது. வேறொரு வழியும் இருந்தது. பயிற்சிப் பள்ளியில் வாத்தியாராகப் போய்விட்டால் ஐம்பத்தைந்து வயதுவரை சின்ன விமானங்களை ஓட்டலாம். அந்த வேலை இரண்டு தடவை அவரைத் தேடி வந்தது. இரண்டு தடவையும் அப்பா கொடுத்த தேதியை நம்பி, வேண்டாம் என்று எழுதிவிட்டார். மூன்றாவது தடவையாக இப்போது வந்திருக்கிறது. வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் முப்பதாம் தேதி அவருக்கு நாற்பத்தைந்து முடிகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் நாற்காலியில் சாயவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, ஆபீஸ்காரனா கேக்கலை. உங்க வீட்ல சாப்பிட்ட தம்பியா கேக்கறேன். முப்பதாம் தேதிக்குள்ள அது பறக்குமா?"

"தம்பி, இப்போதைக்குத் தொண்ணூறு..."

"சதவீதம் வேணாங்க," என்றாள் அம்மா. "ஆமாவா, இல்லையா? ஒரு வார்த்தை."

அப்பா தட்டையே பார்த்தார். "ஆமான்னு சொன்னா அவசரப்பட்ட மாதிரி ஆயிடும். இல்லைன்னு..." நிறுத்திவிட்டு, நிஜமாகவே தெரியாமல் கேட்பது போல அம்மாவைப் பார்த்துக் கேட்டார்: "ஒருத்தர் மூஞ்சியைப் பாத்து இல்லைன்னு எப்படிம்மா சொல்றது?"

அம்மா தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். உடனே அப்பாவுக்கு முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. "வியாழக்கிழமை உங்க அமைச்சரே வர்றார் தம்பி. சும்மாவா வருவார்? பெருசா ஏதோ நடக்கப்போகுது, பாருங்க."

"சரி அண்ணே," என்றார் சித்தப்பா. "வியாழக்கிழமை வரைக்கும் பதில் எழுதாம வெச்சிருக்கேன்."

அவருக்கு ஒரு போலிக் கடிதம் தயாரித்துக் கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். தொழிற்சாலை முத்திரையை வரைவதெல்லாம் எனக்குப் பெரிய விஷயமில்லை. ஆனால் 'விமானம் பறக்காது' என்று தொழிற்சாலையே எழுதிக் கொடுத்ததாகச் சொன்னால் உலகத்தில் எவன் நம்புவான்? முத்திரை அசலாகவே இருந்தாலும் கடிதம் போலி என்று ஒரே வரியில் தெரிந்துவிடும்.

இங்கே ஒரு தொழில் ரகசியம் சொல்ல வேண்டும். அந்தத் தொழிற்சாலையில் முழு உருவத்தோடு நிற்பது ஒரே ஒரு விமானம். எஞ்சின் கிடையாது, வால் பக்கம் எடை குறைந்து மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கக் கூடாதென்று உள்ளே மணல் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். எந்த நாட்டிலிருந்து பார்வையாளர்கள் வந்தாலும் இதைத்தான் காட்டுவார்கள். வருவதற்கு முந்தின நாள் அந்த நாட்டுச் சின்னத்தை அதில் வரைந்துவிடுவார்கள். அவர்கள் போன பிறகு அழித்துவிட்டு அடுத்த நாட்டின் சின்னம். வந்தவர்கள் தங்கள் விமானம் தயாராக நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, புகைப்படம் எடுத்துக்கொண்டு, திருப்தியாகப் போவார்கள். பார்வையாளர் நாட்களில் மற்ற நாட்டு ஆட்களை அந்தப் பக்கமே விட மாட்டார்கள் என்பதால் சித்தப்பாவுக்கு இது தெரியாது.

இப்போது அப்பா செய்த தப்பைக் கேளுங்கள். விமானத்தைப் பார்க்க எப்போது வரலாம் என்று கேட்ட எல்லா நாட்டுக்கும் அவர் சலிப்பில்லாமல் 'இரண்டாவது வியாழக்கிழமை' என்றே எழுதிக்கொண்டிருந்தார். பதினொரு வருடமாக இதில் ஒரு தொந்தரவும் வந்ததில்லை, ஏனென்றால் சொன்ன நாளில் யாரும் வந்ததில்லை. இந்த முறை இரண்டு நாடுகள் வந்துவிட்டன. அதே வியாழக்கிழமை. அதே பதினொரு மணி.

பெயிண்டர் தலையில் கை வைத்துக்கொண்டாராம். "சார், ஏற்கெனவே என் வீட்டுச் சுவரைவிட இதுல கோட்டு அதிகம். நாளைக்கு எஞ்சின் வெச்சாலும் பெயிண்ட் கனத்துலயே இது மேல ஏறாது. இதுல ஒரே நாள்ல ரெண்டு நாட்டுக்கு எப்படி சார்?"

"விமானத்துக்கு எத்தனை பக்கம்?" என்று கேட்டார் அப்பா.

"ரெண்டு."

"நாடு எத்தனை?"

பெயிண்டர் கும்பிட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தார். இடது பக்கம் முழுவதும் சித்தப்பா நாட்டின் வெள்ளைப் பருந்து. வலது பக்கம் முழுவதும் மற்ற நாட்டின் பச்சை முக்கோணம். கொட்டகையின் கிழக்கு வாசல் வழியாக ஒரு கூட்டம், மேற்கு வாசல் வழியாக இன்னொரு கூட்டம். நடுவில் விமானம். மூக்குக்கும் வாலுக்கும் திரை.

அமைச்சர்கள் வந்தால் கைதட்ட ஊழியர் குடும்பங்களைக் கூட்டி வருவது வழக்கம். எனக்கும் அம்மாவுக்கும் பருந்துக் கொடி கொடுத்தார்கள். கொட்டகைக்குள் யாரும் போன் கொண்டுபோகக் கூடாது. அமைச்சராக இருந்தாலும் வெளி வாசலில் காவலரிடம் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். சித்தப்பாவும் கொடுத்துவிட்டு வந்திருந்தார். பதில் எழுத வேண்டிய போன்.

எல்லாம் நன்றாகவே போனது. அமைச்சர்கள் தாமதமாக வந்தார்கள், மதியச் சாப்பாடு நீண்டது, பேச்சுகள் அதைவிட நீண்டன. இடது பக்கம் நாங்கள் கைதட்டும்போது, வலது பக்கம் கேட்கும் கைதட்டலை எதிரொலி என்று விளக்கினார் அப்பா. நாலு மணிக்கு மேல் சித்தப்பா நாட்டு அமைச்சர் விமானத்தைத் தொட்டுப் பார்த்தார். பாசமாகத் தடவிக்கொண்டே மூக்குவரை நடந்தார். திரையைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கமும் தடவப் போனார். எதிரிலிருந்து இன்னொரு கை தடவிக்கொண்டே வந்தது.

இரண்டு அமைச்சர்களும் மூக்குக்கு நேரே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர் பருந்தைப் பார்த்தார், ஒருவர் முக்கோணத்தைப் பார்த்தார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவுக்கு வேலை போகப்போகிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அமைச்சர்கள் ஏதோ ஒரு பொது மொழியில் பேச ஆரம்பித்தார்கள். அப்பாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்வது சித்தப்பாவின் வேலை. முகத்தை மாற்றாமல் சொன்னார்:

"இவர், 'உங்களுக்கு எத்தனை வருஷமா?'ங்கறார். அவர், 'அஞ்சு. உங்களுக்கு?'ங்கறார். இவர், 'நாலரை. எப்ப தர்றதா சொல்லியிருக்காங்க?'ங்கறார். அவர், 'வர்ற காலாண்டு'ங்கறார். இவர், 'எங்களுக்கும் அதேதான்'ங்கறார்."

டாக்டர் வீட்டு வாசலில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் மாதிரி ஆகிவிட்டார்கள். சண்டையே இல்லை! எந்த மருந்து எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்காததுதான் பாக்கி. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அப்பாவின் பக்கம் திரும்பினார்கள்.

"அண்ணே, 'எப்ப பறக்கும்?'னு கேக்கறாங்க," என்றார் சித்தப்பா.

அப்பா வாயைத் திறந்தார். வெளிச்சம் வரும் முகம் தயாராகிக்கொண்டிருந்தது.

"அவங்களுக்குச் சொல்றதுக்கு முன்னாடி," என்றார் சித்தப்பா, மெல்ல, "எனக்குச் சொல்லுங்கண்ணே. மணி நாலரை ஆகப்போகுது."

அப்பா அவரைப் பார்த்தார். விமானத்தைப் பார்த்தார். தொண்டையில் ஏதோ சிக்கியவர் மாதிரி இரண்டு தடவை விழுங்கினார். நான் கொடியைக் கசக்கிக்கொண்டிருந்தேன்.

"பறக்காதுப்பா," என்றார். "முப்பதுக்குள்ள இல்லை. அடுத்த வருஷமும் இல்லை. உள்ள எஞ்சினே இல்லை, மணல் மூட்டைதான் இருக்கு. நீ போயிடு."

பதினொரு வருடத்தில் அந்தக் கொட்டகையில் விழுந்த முதல் 'இல்லை'. சித்தப்பா பருந்தின் மேல் விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். பிறகு அமைச்சர்களுக்கு மொழிபெயர்த்தார், ஒரு சொல் குறையாமல்.

சித்தப்பா நாட்டு அமைச்சர் பாய்ந்து அடிப்பார் என்று நினைத்தேன். அவர் நடுங்கிப்போய் அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு படபடவென்று பேசினார்.

"என்ன சொல்றார்?" என்றார் அப்பா.

"'அப்படியெல்லாம் சொல்லாதீங்க'ங்கறார். 'விமானம் கிடக்கட்டும், எனக்கு ஒரு தேதி வேணும். ஊருக்குப் போய்ச் சட்டசபையில நான் என்னன்னு சொல்வேன்? என் பேச்சு வேற அச்சாயிடுச்சு, தேதிக்கு மட்டும் இடம் விட்டு வெச்சிருக்கேன்'ங்கறார்."

மற்ற அமைச்சரும் பலமாகத் தலையாட்டினார். அவரிடமும் அச்சான பேச்சு ஒன்று இருந்ததாம்.

புரிகிறதா? இத்தனை வருடமாக நான் அப்பாவைத் தேதிகள் செய்யும் தொழிற்சாலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வெறும் கடை. சரக்கு வாங்கிக்கொண்டு போய் இந்த அமைச்சர்கள் தங்கள் சட்டசபையில் விற்கிறார்கள், அவர்கள் படைத்தலைவரிடம், படைத்தலைவர் பதினெட்டு விமானிகளிடம். கடைசியில் அதை நம்பிக் கண்ணை மூடி நாற்காலியில் பறப்பது ஒரே ஒரு ஆள்.

பெரிய மேலாளர் ஓடிவந்தார். அப்பாவை ஓரமாகத் தள்ளினார். "அடுத்த காலாண்டு, மூணாவது வியாழக்கிழமை!" என்றார். அமைச்சர்கள் முகம் மலர்ந்தது. மேலாளர் எங்களைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், கைதட்டினோம். அப்பா சொன்னதை மொழிபெயர்ப்புப் பிழை என்று அன்றைக்கே குறிப்பில் ஏற்றிவிட்டார்கள்.

அப்பா அதையெல்லாம் பார்க்க நிற்கவில்லை. சித்தப்பாவின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்திருந்தார், நானும் பின்னாலேயே ஓடினேன். மணி நாலு முப்பத்தெட்டு. வெளி வாசலுக்கு மூன்று கிலோமீட்டர். கார்கள் எல்லாம் அமைச்சர்களுக்கு. ஒரே ஒரு வண்டிதான் நின்றது: விமானத்தைக் கட்டி இழுக்கும் மஞ்சள் டிராக்டர்.

"அண்ணே, இதை ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது," என்றார் அப்பா. ஒரே நாளில் இரண்டாவது தடவை!

சித்தப்பா தாவி ஏறி ஓட்டினார். அப்பா பக்கத்தில் தொற்றிக்கொண்டார், நான் பின்னால். அந்த வண்டியைவிட நான் வேகமாக ஓடியிருப்பேன், ஆனால் மூன்று கிலோமீட்டர் ஓடியிருக்க மாட்டேன். சித்தப்பாவின் இடது கை முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தது. மூன்று வருடத்தில் அவர் ஓட்டிய முதல் இயந்திரம் அது. வேகம், ஓடிப்போகும் கோழி அளவு.

வாசல் காவலர் போனைக் கொடுக்க மாட்டேன் என்றார். "வெளியேறும் சீட்டுல அதிகாரி கையெழுத்து வேணும் சார்."

அப்பா போட்டார். யோசிக்காமல், யாருக்கும் காத்திராமல், நின்றபடியே போட்டார்.

"எத்தனை மணிக்குத் திரும்பி வருவீங்கன்னு நேரம் எழுதணும் சார்."

உலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் நேரம் சொல்லக்கூடிய என் அப்பா, "தெரியலைப்பா. தெரியலைன்னு எழுதிக்க" என்றார்.

நாலு ஐம்பத்தேழுக்குச் சித்தப்பா பதிலை அனுப்பினார். அனுப்பிவிட்டு வாசல் கட்டையில் உட்கார்ந்தார். என் அப்பா தன் வாழ்நாளில் குறித்த நேரத்துக்குள் ஒப்படைத்தது அந்த ஒரே ஆளைத்தான்.

சனிக்கிழமை அதே ஒற்றைப் பெட்டியோடு கிளம்பினார். அம்மா பெட்டியை இரண்டு தடவை அடுக்கினாள், முதல் தடவை நன்றாகவே இருந்தும்.

"வந்ததும் சொல்லி அனுப்பறேன் தம்பி," என்றார் அப்பா, பழக்கத்தில்.

"வேணாம் அண்ணே. வந்தா வானத்துல நானே பாத்துக்கறேன்."

பயிற்சிப் பள்ளியிலிருந்து ஒரு புகைப்படம் வந்தது. பொம்மை மாதிரி ஒரு குட்டி விமானம், உள்ளே சித்தப்பா, பின் இருக்கையில் பயந்து வெளுத்த ஒரு மாணவன். அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறார். கேட்டால் பேனா கறை படாமல் இருக்க என்கிறார்.

அவரைப் பழைய கோப்புகள் இருக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள், பித்தளைப் பலகை மட்டும் அந்தக் கதவிலேயே தொங்குகிறது. 'இல்லை' என்று சொன்னதற்கு விசாரணை நடக்கிறது. அறிக்கை தொண்ணூறு சதவீதம் முடிந்துவிட்டதாம். இதற்கிடையில் அப்பாவுக்கு அந்த வார்த்தை பிடித்துப்போய்விட்டது. "மார்க்கெட் போறீங்களா?" "இல்லை." "சாயங்காலம் நீங்க வர்றீங்கன்னு பக்கத்து வீட்ல சொல்லிடவா?" "வேணாம், நான் போகமாட்டேன், அவங்க காத்திருப்பாங்க." தெருவில் முன்பெல்லாம் அப்பாவைக் கண்டால் நாலு பேர் நின்று பேசுவார்கள். இப்போது அவர் வருவதைப் பார்த்து எதிர்ப்பக்கம் போகிறார்கள். ஆமாம், ஒரு காரியம் ஆகாது என்று நேராகச் சொல்லும் ஆளோடு எத்தனை நேரம் பேச முடியும்?

நீங்கள் அப்படியில்லை. உங்களுக்கு நாலு பேர் நின்று பேசும் முகம். விமானத் தொழிற்சாலையும் இல்லை, பித்தளைப் பலகையும் இல்லை, உங்களை யார் என்ன சொல்ல முடியும்? ஆனால் "பாத்துடலாம்", "நான் இருக்கேன்ல", "அடுத்த மாசம் கண்டிப்பா" என்று எப்போதோ யாரிடமோ சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பீர்கள். அந்த ஆள் இந்த நிமிடம் எங்கோ உட்கார்ந்து, உங்கள் பேச்சை நம்பி, தேடி வந்த வேறொன்றை வேண்டாம் என்று எழுதிக்கொண்டிருக்கிறார். முகம் ஞாபகம் வந்துவிட்டதல்லவா? எழுந்து போய், ஆகாது என்று சொல்லிவிடுங்கள். அரை நிமிடம் தொண்டை அடைக்கும், அவ்வளவுதான்.

நாளைக்குக் காலையில் முதல் வேலையாகச் சொல்லிவிடுகிறேன் என்றுதானே இப்போது நினைத்தீர்கள்?